மகன் கப்பலேறப் போகிறானா? வடசென்னை அம்மாக்களுக்கான கையேடு

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் வீடுகளுக்குக் கடல் புதிதில்லை. விசைப்படகில் போனவர் எத்தனை நாளில் திரும்புவார், காற்று மாறினால் எங்கே ஒதுங்குவார் என்பதெல்லாம் நம் அம்மாக்களுக்கு அத்துப்படி. சரக்குக் கப்பல் வேலை அப்படி இல்லை. கீழ்நிலைப் பணியாளருக்குப் பெரும்பாலும் ஒன்பது மாத ஒப்பந்தம். இன்று எந்தக் கடலில் இருக்கிறான் என்பதே பல நாள் வீட்டுக்குத் தெரியாது. அரைகுறையாகத் தெரிந்துகொண்டு மீதியை மனசுக்குள் கற்பனை செய்துகொள்வதுதான் இருபக்கமும் ஆளைத் தின்கிறது. வீட்டை நினைத்துக் குழம்பியபடி டெக்கில் நிற்பவனுக்குக் கை தவறும். அந்தக் குழப்பத்தைக் கரையிலேயே தீர்த்து அனுப்புவதுதான் அம்மா செய்யக்கூடிய பெரிய உதவி.

பணம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள்

கப்பலுக்கு ஆள் அனுப்பும் நிறுவனத்துக்கு ஆர்.பி.எஸ்.எல். என்ற உரிமம் இருக்க வேண்டும். உரிம எண்ணைக் கேட்டு வாங்கி, மத்திய அரசின் கப்பல் துறை இயக்குநரகமான டி.ஜி. ஷிப்பிங்கின் இணையதளத்தில் அது இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் பீச் ஸ்டேஷனுக்கு எதிரே ராஜாஜி சாலையில், ஆங்கர் கேட் கட்டடத்தில் இருக்கும் மெர்கன்டைல் மரைன் அலுவலகத்தில் நேரிலேயே விசாரிக்கலாம்.

வேலை வாங்கித் தருவதற்காக மாலுமியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது எம்.எல்.சி. 2006 என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் விதி. இந்தியா 2015-ல் அதை ஏற்றுக்கொண்டது. பாஸ்போர்ட், சி.டி.சி. எனப்படும் மாலுமிப் புத்தகம், மருத்துவச் சான்று ஆகியவற்றின் செலவு பையனுடையது. விசாவும் விமான டிக்கெட்டும் கப்பல் முதலாளியின் பொறுப்பு. “ஜாயினிங்குக்கு ரெண்டு லட்சம் கட்டு, மிச்சத்த சம்பளத்துல புடிச்சுக்கறோம்” என்று யாராவது சொன்னால், அவர் எவ்வளவு நெருங்கிய சொந்தக்காரராக இருந்தாலும், தாலியை அடகு வைக்காதீர்கள்.

இதைவிட ஆபத்தானது விசிட் விசா. “துபாய் போ, அங்கேர்ந்து ஈரான்ல கப்பல் ஏறிக்கலாம்” என்ற பேச்சை நம்பிப் போனவர்கள், கடத்தல் எண்ணெய் ஏற்றிய சின்ன டேங்கர்களில் மாட்டிச் சிறைக்கே போயிருக்கிறார்கள். ஒப்பந்தத்தில் கப்பலின் பெயரும் ஏழு இலக்க ஐ.எம்.ஓ. எண்ணும் இல்லையென்றால் பெட்டியைக் கட்டாதீர்கள். அந்த எண்ணை ஈக்வாசிஸ் என்ற தளத்தில் இலவசமாகப் பதிவு செய்து தேடினால், கப்பல் யாருடையது, எத்தனை முறை துறைமுகச் சோதனையில் தடுத்து வைக்கப்பட்டது என்பது தெரியும். ஒரே பெயரில் பல கப்பல்கள் ஓடும். ஐ.எம்.ஓ. எண் மட்டும் மாறாது.

பெயரும் இனிஷியலும்

சின்ன விஷயமாகத் தெரியும், பின்னால் பெரிதாகக் கழுத்தறுக்கும். நம் வீடுகளில் அம்மாவின் பெயர் ஆதாரில் ஒரு எழுத்துக்கூட்டல், ரேஷன் கார்டில் ஒன்று, மகனின் பாஸ்போர்ட்டில் இன்னொன்று என்று இருக்கும். பையனுக்கு ஸ்கூல் சர்டிபிகேட்டில் வெறும் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக. கப்பலேறும்போது நெருங்கிய உறவினர் யார் என்று ஒரு படிவம் நிரப்புவான். வீட்டுக்குப் பணம் அனுப்பவும், விபத்து நேர்ந்தால் இழப்பீடு கோரவும் அதில் இருக்கும் பெயரைத்தான் பார்ப்பார்கள். உங்கள் வங்கிக் கணக்கில் இருக்கும் பெயர் அதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகாவிட்டால் காசோலை நின்றுவிடும், மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். ஆகவே முதல் வேலையாக உங்கள் ஆதார், பான், பாஸ்புக் மூன்றையும் மகனின் பாஸ்போர்ட்டில் உள்ள ‘தாய் பெயர்’ வரியோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆதாரைத் திருத்துவது சுலபம். அவனுடைய பாஸ்போர்ட்டையும் சி.டி.சி.யையும் திருத்துவது சுலபமில்லை.

பாஸ்போர்ட், சி.டி.சி., இண்டோஸ் எனப்படும் மாலுமிப் பதிவு எண், மருத்துவச் சான்று, எஸ்.டி.சி.டபிள்யூ. எனப்படும் கடல் பயிற்சிச் சான்றுகள், கையெழுத்திட்ட ஒப்பந்தம் எல்லாவற்றுக்கும் வீட்டில் ஒரு செட் நகல் இருக்கட்டும். அந்தக் கோப்பின் முதல் தாளில் கப்பல் பெயர், ஐ.எம்.ஓ. எண், நிறுவனத்தின் 24 மணி நேர எண், டி.பி.ஏ. எனப்படும் கரைப் பொறுப்பாளரின் எண் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். போனில் மட்டும் வைத்திருந்தால் போன் தொலைந்த அன்றுதான் அது தேவைப்படும்.

உடம்பு

மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னாலாவது போட்டாக வேண்டும். அந்தச் சான்று ஊசி போட்ட பத்தாம் நாளில் இருந்துதான் செல்லும். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். முன்பதிவைக் கேட்டுக்கொண்டு போங்கள். முட்டை ஒத்துக்கொள்ளாத பையன் என்றால் டாக்டரிடம் அதை முதலில் சொல்லுங்கள். 2016 ஜூலையில் இருந்து ஒரு ஊசி ஆயுளுக்கும் போதும். அந்தச் சான்றான மஞ்சள் புத்தகத்தைத் தொலைத்துவிட்டு நைஜீரியா பக்கமோ பிரேசில் பக்கமோ போய் வந்தால், மீனம்பாக்கத்தில் இறங்கியதும் ஆறு நாள் வரை தனியே வைத்துவிடுவார்கள்.

பல்லைக் கட்டாயம் காட்டுங்கள். கறுத்த பல், பாதி முளைத்த கடைவாய்ப் பல் எல்லாவற்றையும் கரையிலேயே முடித்துவிட வேண்டும். நடுக்கடலில் பல்வலி வந்தால் துறைமுகம் வரும்வரை மாத்திரையை விழுங்கிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். கண்ணாடி போடுகிறவனுக்கு இரண்டாவது ஜோடி வேண்டும். இன்ஜின் அறையில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் என்பதால் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இருபது, தொடை இடுக்கில் வரும் படைக்குப் பவுடர், பருத்தி உள்ளாடை பத்து செட். முதல் வாரக் குமட்டலுக்கு இஞ்சி மொரப்பா நல்லது. வெறும் வயிற்றோடு இருந்தால்தான் வாந்தி அதிகமாகும் என்பதை அவனுக்குச் சொல்லி அனுப்புங்கள். இருமல் மருந்து, வலி மாத்திரை எதுவானாலும் மருந்துச்சீட்டோடு போகட்டும். கோடீன், டிரமடால் கலந்தவற்றை வளைகுடா நாடுகளில் போதைப்பொருளாகப் பார்க்கிறார்கள்.

பெட்டிக்குள் என்ன போகலாம்

அம்மாவின் கை நீளும் இடம் இதுதான், தவறு அதிகம் நடக்கும் இடமும் இதுதான். கொப்பரைத் தேங்காய்க்கு செக்-இன் பையில் தடை, எளிதில் தீப்பிடிக்கும் என்பதால். கற்பூரமும் அப்படியே. வடிவுடையம்மன் கோயில் குங்குமமும் விபூதியும் தாராளமாகப் போகட்டும், கற்பூரம் வேண்டாம். ஊறுகாய், தொக்கு எல்லாம் செக்-இன் பையில்தான், கைப்பையில் வைத்தால் பிடுங்கிவிடுவார்கள்.

கசகசாவை மறக்கவே கூடாது. சிங்கப்பூர், துபாய், சவுதி எங்கும் கசகசா போதைச் சட்டத்தில் வருகிறது. மிஷினில் அரைத்த குழம்புத்தூளிலும் கறி மசாலாவிலும் கசகசா சேர்க்கிற வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அவனுக்கு அரைக்கும் தூளைத் தனியாக, கசகசா இல்லாமல், மிஷினைத் துடைக்கச் சொல்லி அரையுங்கள். பான், குட்கா பாக்கெட் ஒன்றுகூட ஒளிந்திருக்கக் கூடாது. நெத்திலிக் கருவாடு அவனுக்கு உயிர் என்றாலும், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா வழியாகப் போகிறவனுக்கு வேண்டாம். அங்கே உணவுப் பொருளைப் படிவத்தில் மறைத்தால் அபராதம்.

நான்கைந்து மாதம் தாங்குபவை பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும்தான். பருப்புப்பொடிக்குத் துவரம்பருப்பு 400 கிராம், பொட்டுக்கடலை 100 கிராம், காய்ந்த மிளகாய் பதினைந்து, மிளகும் சீரகமும் ஒவ்வொரு டீஸ்பூன், கட்டிப் பெருங்காயம் சுண்டைக்காய் அளவு. கல் உப்பையும் வெறும் சட்டியில் படபடவென்று வெடிக்கும் வரை வறுக்க வேண்டும். பலர் விடுவது இந்தப் படியைத்தான். உப்பில் இருக்கும் ஈரம்தான் பொடியைக் கட்டி தட்ட வைத்து, பிறகு பூஞ்சை பிடிக்க வைக்கிறது. தேங்காயும் பூண்டும் சேர்த்த பொடி ஒரு மாதத்தில் சிக்கு வாடை அடிக்கும், அதை அனுப்பாதீர்கள்.

புளிக்காய்ச்சலுக்குப் புளி கால் கிலோ, நல்லெண்ணெய் கால் லிட்டர். புளியைக் கெட்டியாகக் கரைத்து, எண்ணெய் ஓரத்தில் பிரிந்து மேலே நிற்கும் வரை கொதிக்க விடுங்கள். இறக்கியதும் மூடி போடாமல் மெல்லிய துணி கட்டி ஒரு இரவு ஆற வையுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் வேர்க்கும், அந்த நீர்த்துளி உள்ளே சொட்டினால் மொத்தமும் போச்சு. ஒரே பெரிய பாட்டில் வேண்டாம். இருநூறு கிராம் டப்பாக்களாகப் பிரித்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, இரண்டு கவருக்குள் போட்டு, துணிகளுக்கு நடுவே வையுங்கள். ஒன்று கெட்டாலும் மற்றவை தப்பும். எல்லோர் முன்னாலும் சாப்பிட வேண்டிய இடம் அது, எனவே நாலு பேருக்குக் கொடுக்கிற அளவாகவே வையுங்கள்.

எலக்ட்ரிக் குக்கர், தண்ணீர் சூடாக்கும் கம்பி இரண்டும் வேண்டாம். கேபினுக்குள் சமைப்பது தீ விபத்துக்கு வழி என்பதால் அநேக கப்பல்களில் அனுமதியில்லை.

எப்போது பேசுவது

முதலில் அவனுடைய வாட்ச், அதாவது டூட்டி நேரம், எது என்று கேளுங்கள். 8–12, 12–4, 4–8 என்று நான்கு மணி நேர முறை பகலில் ஒன்று, இரவில் ஒன்று வரும். பிறகு கப்பல் நேரத்துக்கும் நம் நேரத்துக்கும் உள்ள வித்தியாசம். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி முன்னால், அமீரகத்தின் ஃபுஜைரா ஒன்றரை மணி பின்னால், நெதர்லாந்தின் ராட்டர்டாம் குளிர்காலத்தில் நாலரையும் கோடையில் மூன்றரையும் பின்னால், பிரேசிலின் சாண்டோஸ் எட்டரை பின்னால்.

உதாரணமாக, சாண்டோஸ் பக்கம் 12–4 வாட்ச் பார்க்கிறவன் விடியற்காலை நான்குக்கு முடித்துப் பதினொன்று வரை தூங்குவான். நமக்கு அது பகல் பன்னிரண்டரை முதல் இரவு ஏழரை வரை. நீங்கள் சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு ஆறு மணிக்குக் கூப்பிட்டால் அவன் தூக்கத்தைத்தான் கெடுக்கிறீர்கள். ஏழரைக்குக் கூப்பிட்டால் எழுந்திருப்பான், அரை மணி நிம்மதியாகப் பேசலாம். கப்பல் கிழக்கே மேற்கே போகப் போகக் கடிகாரம் மாற்றுவார்கள், ஆகவே வாரம் ஒரு முறை இந்தக் கணக்கைப் புதிதாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

துறைமுகத்துக்கு வந்தால் ஓய்வு என்று நினைக்காதீர்கள். சரக்கு ஏற்றி இறக்கும் அந்த நாட்களில்தான் வேலை முறிக்கும். ஒரு வரி வாய்ஸ் மெசேஜ் போதும், பதில் எதிர்பார்க்க வேண்டாம். 2024 டிசம்பரில் வந்த எம்.எல்.சி. திருத்தம், கப்பலில் முடிந்தவரை இணைய வசதி தர வேண்டும் என்கிறது. ஆனால் பல கப்பல்களில் டேட்டா அளந்துதான் கிடைக்கும். வீடியோ காலிலேயே அதைத் தீர்த்துவிடாதீர்கள்.

“துன்னியா கண்ணு?” என்று கேட்பது சரிதான். அதோடு “நேத்து எத்தினி மணி நேரம் தூங்குன?” என்றும் கேளுங்கள். சட்டப்படி 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமும், ஏழு நாளில் 77 மணி நேரமும் ஓய்வு. ஐந்து, ஆறு என்றே வாரக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தால் ஏதோ சரியில்லை.

வரைபடத்தில் கப்பல் காணாமல் போனால்

கப்பலைக் காட்டும் ஆப்பின் இலவசப் பதிப்பு, கரையில் இருக்கும் கருவிகள் பிடிக்கும் சிக்னலைத்தான் காட்டும். கரையில் இருந்து சுமார் 40 கடல் மைல் தாண்டினாலே புள்ளி உறைந்து நின்றுவிடும். பத்து நாள் அப்படியே நின்றாலும் கப்பலுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை. கொள்ளையர் நடமாடும் பகுதியில் கேப்டனே சிக்னலை நிறுத்தவும் கூடும். அந்தப் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள், எங்கே போகிறது, என்ன சரக்கு என்று யாருக்கும் அனுப்பவும் வேண்டாம்.

இன்னொன்று. சென்னையிலோ எண்ணூரிலோ மூன்றாம் எண் கூண்டு ஏற்றினால் அது இந்தத் துறைமுகத்துக்கான எச்சரிக்கை, அவன் கப்பல் இருக்கும் கடலுக்கு அல்ல. கப்பல் இங்கே நின்றால்கூட, புயல் நெருங்கும்போது அதை ஆழ்கடலுக்கு அனுப்புவதுதான் வழக்கம். ஜெட்டியில் மோதி உடைவதைவிடத் திறந்த கடல் பாதுகாப்பு.

அம்மா வாயால் சொல்ல வேண்டிய புத்தி

பயிற்சியில் இதெல்லாம் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். ஆனாலும் அம்மா சொன்னால் அந்த நேரத்தில் காதில் ஒலிக்கும், ஆகவே சொல்லுங்கள்.

மூடிய தொட்டிக்குள் இறங்குவதுதான் முதல். கப்பலின் சமநிலைக்காகக் கடல்நீர் நிரப்பும் பேலஸ்ட் டேங்கில் இரும்பு துருப்பிடிக்கும்போது உள்ளே இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். நிலக்கரி, மரம் ஏற்றிய கிடங்கிலும் அதே கதை. வாடை இருக்காது, மூச்சு முட்டாது, ஏணியில் இரண்டு படி இறங்கியதும் ஆள் சுருண்டு விழுவான். காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம் இருக்க வேண்டும். காற்றோட்டம் விட்டு, கருவியால் அளந்து, எழுத்தில் பர்மிட் வாங்கி, வாசலில் ஒருவர் காவல் நின்ற பிறகுதான் உள்ளே கால் வைக்க வேண்டும். இதில் அதிகம் சாகிறவன் இரண்டாவது ஆள். கூட வேலை செய்பவன் விழுந்துவிட்டான் என்று பதறிக் குதிப்பவன். நம் பிள்ளைகள் அப்படிக் குதிக்கிற ரகம்தான். அதனால் நேரடியாகவே சொல்லுங்கள்: “உன் கூட்டாளி உள்ள வுழுந்து கெடந்தாலும் நீ எறங்காத. மொதல்ல அலாரம் அடி. மூச்சுக் கருவி போட்டவங்க எறங்கட்டும்.” கல் நெஞ்சோடு சொல்வது போலத் தோன்றும். அவனையும் கூட்டாளியையும் சேர்த்துக் காப்பாற்றும் வழி அது ஒன்றுதான்.

கப்பலைக் கட்டும் கயிறு இறுகி நிற்கும்போது அதன் நேர்கோட்டில் நிற்கக் கூடாது, அறுந்தால் திருப்பி அடிக்கும். ஏர்போர்ட்டிலோ துறைமுகத்திலோ யார் கொடுத்த பார்சலையும் வாங்கக் கூடாது, “எங்க அண்ணன் அந்தக் கப்பல்ல இருக்காரு, குடுத்துடு” என்றாலும்.

கெட்ட செய்தி

வீட்டில் யாருக்காவது முடியவில்லை என்றால் மறைக்கலாமா? மறைக்கக் கூடாது. ஒரு முறை மறைத்தது தெரிந்துவிட்டால், அதற்குப் பிறகு “எல்லாரும் நல்லா இருக்கோம்” என்று நீங்கள் உண்மையைச் சொன்னாலும் நம்பமாட்டான். கிளம்பும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள்: எதை உடனே சொல்வது, எதைத் துறைமுகம் வந்ததும் சொல்வது, யார் சொல்வது. பசிபிக்கைக் கடக்கும் கப்பலுக்கு அடுத்த துறைமுகம் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகலாம். அந்த நாட்களில் வீட்டில் இறப்பு நேர்ந்தால் யார் கொள்ளி வைப்பது என்பதையும் கேட்டுவிடுங்கள். கேட்பதற்குக் கஷ்டமான கேள்விதான், ஆனால் அதை அவன் வாயால் சொல்லிவிட்டுப் போனால் பிற்காலத்தில் அவனுக்கு உறுத்தல் குறையும்.

இறப்பு என்றால் முதலில் நிறுவனத்தின் 24 மணி நேர எண்ணுக்குச் சொல்லுங்கள். அவர்கள் கேப்டனுக்குச் சொல்வார்கள். வாட்ச் முடிந்த பிறகு, பக்கத்தில் ஒரு ஆள் இருக்கும்போது சொல்லச் சொல்லிக் கேளுங்கள், பிறகு நீங்கள் பேசுங்கள். அதுவரை தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டினாலும் பரவாயில்லை, அந்தப் படம் யாருடைய ஸ்டேட்டஸிலும் ஏறக் கூடாது. கப்பலை ஓட்டும் இடமான பிரிட்ஜில் அவன் நிற்கும்போது போனில் அதைப் பார்க்கிறான் என்று வையுங்கள். உறவுக்காரப் பையன்களிடம் இதை முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். அவசரமாக இறங்கி வர மருத்துவமனைக் கடிதம் அல்லது இறப்புச் சான்றைக் கேட்பார்கள். உறவுமுறையை நிரூபிக்க முன்பு சொன்ன நகல் கோப்பு கைகொடுக்கும்.

பணமும் பேச்சும் மாறினால்

சம்பளம் மாதத்துக்கு ஒரு முறையாவது வர வேண்டும். வந்த தேதியை ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டு மாதச் சம்பளம் வராவிட்டால் எம்.எல்.சி. கணக்கில் அது முதலாளி மாலுமியைக் கைவிட்ட நிலைக்கு வருகிறது. கப்பலில் ஒட்டியிருக்கும் காப்பீட்டுச் சான்றின்படி நான்கு மாதம் வரைக்குமான சம்பளப் பாக்கியையும் ஊர் திரும்பும் செலவையும் கோரலாம். ஆகவே மூன்றாம் மாதம் பார்க்கலாம் என்று விடாதீர்கள். நிறுவனம், டி.ஜி. ஷிப்பிங், ஐ.டி.எஃப். என்ற சர்வதேசத் தொழிற்சங்கம் மூன்றுக்கும் எழுத்தில் அனுப்புங்கள்.

டாலர் சம்பளம் அவனுடைய என்.ஆர்.இ. (வெளிநாட்டு வருமானத்துக்கான) கணக்குக்கு வரட்டும். உள்ளூர்ச் செலவுக்கு எடுக்க உங்கள் பெயரில் வங்கியில் மேண்டேட் எனப்படும் அனுமதிக் கடிதம் எழுதி வாங்கிக்கொள்ளலாம். ஓ.டி.பி. கேட்டு அவனை நடுராத்திரியில் எழுப்ப வேண்டியதில்லை. அவனுடைய இந்திய சிம் மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் எண் போய்விடக்கூடும், ரீசார்ஜை விடாதீர்கள். வருமான வரிக்கு இந்தியாவில் 182 நாளுக்குக் குறைவாக இருந்தானா என்ற கணக்கு வேண்டும். அதற்குச் சி.டி.சி.யில் ஏறிய தேதி, இறங்கிய தேதி முத்திரைகள்தான் சாட்சி.

பணத்தைவிடக் கவனிக்க வேண்டியது குரல். எப்போதும் வளவளவென்று பேசுகிறவன் “ம்”, “சரி” என்று நிறுத்திக்கொண்டால், சாப்பாட்டு அறைக்கே போகவில்லை என்றால், “எனக்கு இனிமே ஒன்னும் வேணாம்மா” என்றால், சுற்றி வளைக்காமல் “செத்துடலாம்னு தோணுதா கண்ணு?” என்று கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, பேச வழி கிடைக்கும். ஆம் என்றால் போனை வைக்காமல் வீட்டில் இன்னொருவரை விட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லச் சொல்லுங்கள், கேப்டன் அவனைத் தனியே விடமாட்டார். மாலுமிகள் நலனுக்கான ஐஸ்வான் அமைப்பின் சீஃபேரர்ஹெல்ப் உதவிச் சேவை 24 மணி நேரமும் இலவசமாக இயங்குகிறது, குடும்பத்தாரும் பேசலாம். மேலதிகாரி அடிக்கிறார், கெட்ட வார்த்தை பேசுகிறார் என்றால் “பொறுத்துக்கோ” என்று மட்டும் சொல்லி முடிக்காதீர்கள். தேதி, நேரம், யார் பார்த்தது என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். கப்பலிலேயே புகார் முறை உண்டு, அது நகரவில்லையென்றால் டி.பி.ஏ.வுக்கு நீங்களே பேசலாம்.

இறங்கி வந்ததும்

முதல் வாரம் தூங்கட்டும், சொந்தக்காரர் வீட்டுக்கெல்லாம் அப்புறம் போகலாம். ஆனால் அந்த வாரத்துக்குள்ளேயே மூன்றைப் பார்த்துவிடுங்கள்: கடைசிச் சம்பளக் கணக்கில் எல்லா நாளும் வந்திருக்கிறதா, சி.டி.சி.யில் இறங்கிய தேதி முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா, கடல் சேவைச் சான்றை வாங்கி வந்தானா. பிறகு காலாவதித் தேதிகள். மருத்துவச் சான்று இரண்டு வருடம், அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சிகளுக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிப்பு, சி.டி.சி. பத்து வருடம். அடுத்த ஒப்பந்தம் முடியும் நாளுக்குப் பிறகும் பாஸ்போர்ட் ஆறு மாதம் செல்ல வேண்டும். செல்லாது என்றால் லீவு தொடங்கிய முதல் வாரத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள், போலீஸ் விசாரணைக்கு வரும் நாளில் அவன் வீட்டில் இருக்க வேண்டும்.